ஒரு மணி குறைந்த பத்து

நான் கட்டிய முதல் ஜெபமாலை என் பாட்டிக்கு. ஜெபமாலையில் மணிக்கு ஒரு செபமாகச் சொல்லும் சின்ன மணிகள் பத்துப் பத்தாக ஐந்து பகுதி; ஒவ்வொரு பகுதியையும் ஒரு பத்து என்போம். அதில் மூன்றாவது பத்தில் ஒன்பது மணிதான் இருந்தது. அது எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆனது.

அக்டோபர் மாதத்தில் எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவில், தினம் ஒரு வீடு என்று முறை வைத்து, மாதா சுரூபத்தைக் கொண்டுபோய் ஜெபமாலை சொல்வோம். அன்று எங்கள் வீட்டு முறை. நான் பாட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது பத்து முடியும் நேரம். பத்தாவது ‘அருள் நிறைந்த மரியே’ தொடங்கியபோது பாட்டியின் விரல்களுக்கு நடுவில் மணி இல்லை. ஒன்பதாவது மணிக்கும் அடுத்த பெரிய மணிக்கும் இடையில் கிடந்த வெறும் முடிச்சைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, அந்த ஒன்றையும் சொல்லி முடித்து, அதன் பிறகுதான் பெரிய மணிக்குப் போனார். எல்லாரும் போன பிறகு கேட்டேன்.

“அதுல ஒரு மணி இல்லல்லா மக்களே. முடிச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு சொல்லிக்கிடுவேன். கணக்கு சரியாப் போகும்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா பாட்டி?”

“ஆசையாக் கட்டித் தந்தே. அதுல போய் குறை சொல்லுவேனா?”

பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. நான் அழகு பார்த்து வாங்கிய நீல மணியின் நிறம் அவருக்குத் தெரியவே தெரியாது. எட்டு மாதமும் அந்த ஜெபமாலையை விரலால் மட்டுமே அறிந்திருக்கிறார். விரலுக்குத் தெரிந்த குறை, இரண்டு கண்ணும் நன்றாக இருந்த எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை யாருக்குக் கட்டினாலும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு விரலால்தான் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தில் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடைப்பட்ட கடற்கரை. அப்பா கட்டுமரத்தில் போனவர். வீட்டுத் திண்ணையில் எப்போதும் ஒரு வலை விரிந்து கிடக்கும். கிழிந்த கண்ணிகளை அவர் பின்னும்போது நூல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதனால் மரியாயின் சேனை என்ற பக்த சபையில் ஓர் அக்கா 2009-இல் ஜெபமாலை முடிச்சு சொல்லிக்கொடுத்தபோது என் கைக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. ஆள்காட்டி விரலில் நூலை மூன்று சுற்று சுற்ற வேண்டும். அந்தச் சுற்றுகளுக்கு உள்ளேயே நுனியை நுழைத்து, விரலைவிட்டுக் கழற்றி, மெதுவாக இழுக்க வேண்டும். சின்ன உருளைபோல் ஒரு முடிச்சு விழும். அதுவே ஒரு மணி. பெரிய மணிக்கு நான்கு அல்லது ஐந்து சுற்று. இழுக்கும்போது அவசரப்பட்டால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோணிவிடும். விரல் நகத்தால் ஒவ்வொரு சுற்றையும் அடுத்ததோடு சேர்த்து நெருக்கிவிட்டு இழுத்தால் சீராக வரும்.

மணியே இல்லாமல் முழுக்க முடிச்சாலேயே கட்டுவதற்கு ஏறக்குறைய 6 மீட்டர் நூல் வேண்டும். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம் என்னும் எங்கள் கணக்கில் மூணேகால் பாகம். அரைப் பாகம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்தில் நூல் தீர்ந்துவிட்டால் ஒட்டுப்போடும் இடம் விரலுக்கு எப்போதும் உறுத்தும்.

நூல் விஷயத்தில் நான் முதலில் தவறியது தங்கூசி என்னும் ஒற்றை இழை நைலானில். வீட்டில் கிடந்தது, கண்ணாடிபோல் அழகாக இருந்தது, அறுக்கவே முடியாத உறுதி. ஆனால் அதில் முடிச்சு நிற்காது. கட்டிய அன்று இறுக்கமாக இருக்கும். நாலு நாள் கையில் உருண்டால் வழுக்கி அவிழும். முறுக்கிய நைலான் வலை நூல்தான் இதற்குச் சரி. நுனியைத் தீயில் லேசாகக் காட்டினால் உருகிக் கட்டியாகி, பிரியாமல் நிற்கும். உருகிய நுனி ஆறினால் முள்போல் குத்தும் என்பதால் சூடு இருக்கும்போதே கரண்டியின் முதுகால் அழுத்தி மழுக்கிவிட வேண்டும். பருத்தி நூல் கைக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் வியர்வையில் ஊறி, அழுக்கேறி, சீக்கிரம் இற்றுப்போகும்.

கணக்கு தவறாமல் இருக்க எனக்குக் கைகொடுத்தவை சிரட்டைகள். ஏழு சிரட்டைகளை வரிசையாக வைப்பேன். ஐந்தில் பத்துப் பத்து சின்ன மணி, ஒன்றில் மூன்று சின்ன மணி, இன்னொன்றில் ஆறு பெரிய மணி. மொத்தம் 59. ஒரு சிரட்டை காலியாகாமல் எழுந்து போவதில்லை. வாசலில் யார் கூப்பிட்டாலும் “இந்தப் பத்து முடியட்டும்” என்பேன். பாட்டியின் ஜெபமாலையில் அந்த மணி எப்படி விட்டுப்போனது என்று யோசித்தால், மூன்றாவது பத்தின் நடுவில் மீன்காரிக்குக் காசு கொடுக்க எழுந்துபோனது ஞாபகம் வருகிறது.

அந்த 59-இல் சின்ன மணி 53 என்ற கணக்கை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். பெரியவர்கள் “53 மணி சொல்லிட்டியா?” என்றுதானே கேட்கிறார்கள், ஐந்து பத்து என்றால் 50 அல்லவா என்று. விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றையும் கேட்டுத் தொடக்கத்தில் சொல்லும் மூன்று மணியும் சேர்ந்து 53. ஒவ்வொரு பத்திலும் தியானிக்கும் இயேசு, மரியாள் வாழ்க்கை நிகழ்வுகளைத் தேவ இரகசியங்கள் என்போம். மகிழ்ச்சி, துயரம், மகிமை என்று மூன்று வகைத் தேவ இரகசியங்களையும் ஒரே இருப்பில் சொன்னால் 153 மணி. வாசிக்கத் தெரியாத எளிய மக்கள், துறவிகள் சொல்லும் 150 திருப்பாடல்களுக்கு ஈடாக 150 செபங்களைச் சொன்னதிலிருந்து வந்த கணக்கு இது. 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் தேவ இரகசியங்களைச் சேர்த்த பிறகு நான்கு வகை ஆகிவிட்டது. இருந்தாலும் எங்கள் கரையில் மூத்தவர்கள் வாயில் இன்னும் 153-தான்.

அப்பாவுக்கு அந்த எண் பிடித்துப்போனதற்கு வேறு காரணம். யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவர் சொன்னபடி சீடர்கள் வலையை வீசியபோது அகப்பட்டவை 153 பெரிய மீன்கள். இத்தனை இருந்தும் வலை கிழியவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனால் அப்பா நான் முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: “வலை கிழியலன்னு ஒரு வரி எழுதி வச்சிருக்கான் பாத்தியா, எழுதினவன் மீன்பிடிக்கப் போனவன். மத்தவனா இருந்தா மீனை மட்டும்தான் எண்ணியிருப்பான்.” சொல்லிவிட்டு என் கையிலிருந்த மாலையை வாங்கி, இரண்டு முனையையும் பிடித்து, வலை நூலை இழுத்துப் பார்ப்பதுபோல் சுண்டி இழுத்துப் பார்த்தார். அந்தச் சோதனையை நான் இப்போதும் செய்கிறேன்.

கம்பியில் கோத்த ஜெபமாலை அப்படிச் சுண்டினால் தாங்காது என்பதை நான் தெரிந்துகொண்ட நாள் எங்கள் கரைக்கே துக்க நாள். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கரண்ட் இல்லை. பெண்கள் எல்லாரும் கோயிலில் கூடி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். என் கையில் இருந்தது நானே மெல்லிய கம்பியில் வளையம் வளையமாக வளைத்துக் கோத்தது. பயத்தில் இறுக்கிப் பிடித்திருந்தேன் போலும். நாலாவது பத்தில் ஒரு வளையம் வாய் திறந்து, மாலை இரண்டாகப் பிரிந்து, கழன்ற மணிகள் கோயில் தரையில் உருண்டன. குனிந்து தேடப் போனேன். பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து நிறுத்தி, தன் ஜெபமாலையின் மறுபாதியை என் உள்ளங்கையில் வைத்தார். அவர் வீட்டுக்காரரும் கடலில்தான் இருந்தார். விடியும்வரை ஒரே மாலையில் இரண்டு பேரும் சொன்னோம். அவர் ஒரு மணி நகர்த்தினால் எனக்கும் நகரும்.

அவர் வீட்டுக்காரர் எட்டாம் நாள் வந்து சேர்ந்தார். வராதவர்களின் வீடுகள் எங்கள் கரை நெடுக இருக்கின்றன.

அதற்குப் பிறகு கம்பி வேலையை முறையாகக் கற்றுக்கொண்டேன். கம்பி 0.8 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். வட்ட மூக்குக் குறடால் வளையம் வளைத்ததோடு விட்டுவிடக் கூடாது. மீதி முனையை அடித்தண்டில் இரண்டு சுற்று சுற்றி, வெட்டி, முனையை உள்ளே அழுத்திவிட வேண்டும். அப்படிச் சுற்றிய வளையம் இழுத்தால் திறக்காது. பதக்கத்தையும் பாடுபட்ட சுரூபமுள்ள சிலுவையையும் மாட்டும் தனி வளையங்களை அகலமாக விரித்துத் திறந்தால் உலோகம் தளர்ந்துவிடும். கதவு திறப்பதுபோல் ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னும் திருகித் திறந்து, அதே வழியில் மூட வேண்டும். ஒரு மாலைக்கு எனக்கு இப்போது மூன்று மணி நேரம் ஆகிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் முலாம் பூசிய இரும்பை வாங்கவே வேண்டாம். உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. பித்தளையில் களிம்பு பிடிக்கும், துடைத்தால் போகும். துருப்பிடிக்காத எஃகு நன்றாக உழைக்கும், ஆனால் வளைப்பதற்குள் விரல் காய்த்துவிடும்.

உண்மையைச் சொன்னால், யார் கேட்டாலும் முதலில் நூல் மாலையைத்தான் சொல்வேன். கடலுக்குப் போகிறவருக்கு அதுதான் உகந்தது. ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கும் அதுவே. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் உலோகத்தை விடமாட்டார்கள் என்பதால், சிலுவையையும் முடிச்சாலேயே போட்டு, ஒரு பொட்டு உலோகம்கூட இல்லாமல் கட்டிக்கொடுக்கிறேன். படுக்கையில் இருப்பவரின் கன்னத்துக்குக் கீழே கிடந்தாலும் அழுத்தாது. நடுக்கமுள்ள கைக்கும் மூட்டுவலி உள்ள விரலுக்கும் 10 மில்லிமீட்டர் மரமணி போட்டு, மணிகளுக்கு நடுவில் கொஞ்சம் இடம் விடுவேன். பெரிய மணி, சின்ன மணியைவிட நன்றாகப் பெரிதாகவோ வேறு வடிவமாகவோ இருக்க வேண்டும். நிறத்தை மட்டும் மாற்றி வைத்தால் இருட்டில் அது உதவாது.

மணிகளைப் பற்றி இரண்டு விஷயம். புது நன்மை, அதாவது முதல்முறை நற்கருணை, வாங்கும் ஒரு பிள்ளைக்குச் சிவப்புச் சாயமேற்றிய மரமணியில் மாலை கட்டிக்கொடுத்தேன். அன்று நல்ல புழுக்கம். நன்மை வாங்கித் திரும்பும்போது பிள்ளையின் வெள்ளை உடுப்பில், மார்போடு சேர்த்துக் கைகூப்பியிருந்த இடத்தில், ரோஜா நிறத்தில் கறை. அந்தத் தாய் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பூசை முடியும்வரை தலை நிமிரவில்லை. இப்போது எந்தச் சாய மணி வாங்கினாலும் ஒன்றை எடுத்து ஓர் இரவு உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்காமல் கோப்பதில்லை. இன்னொன்று, எங்கள் கரையில் கிடைக்கும் சிப்பிகளைத் துளைத்துக் கோத்துப் பார்த்தது. பார்க்க அப்படியொரு அழகு. ஆனால் துளையின் விளிம்பு கத்திபோல் இருந்து நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். விட்டுவிட்டேன். யோபுவின் கண்ணீர் என்று சொல்லும் புல் விதைக்கு இயற்கையே துளை போட்டு வைத்திருக்கிறது. நடுவில் இருக்கும் நரம்பை உருவிவிட்டால் போதும். வழுவழுப்பான சாம்பல் நிற மணி. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நாள்பட நாள்படக் கையின் எண்ணெயில் பளபளப்பு கூடும்.

மணிக்காகவே வாழ்ந்த கைவினைஞர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில், எலும்பிலும் கொம்பிலும் செய்கிறவர்கள், பவளத்திலும் சங்கிலும் செய்கிறவர்கள், அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினில் செய்கிறவர்கள் என்று செபமணி செய்வோருக்குத் தனித்தனிச் சங்கங்கள் இருந்தன. ஆங்கிலத்தில் மணிக்குச் சொல்லும் ‘பீட்’ என்ற சொல்லே பழைய காலத்தில் செபத்தைக் குறித்த சொல். செபத்தின் பெயர்தான் பிறகு மணிக்குப் போயிருக்கிறது. எங்கள் அடுத்த ஊர்களில் மலையாளம் பேசுகிறவர்கள் ஜெபமாலையைக் ‘கொந்த’ என்கிறார்கள். அது மணி என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல். மாலை என்று சொல்லும் தமிழில் பூவின் வாசமும் சேர்ந்து வருவது எனக்குப் பிடிக்கும்.

கட்டும்போதே ஒவ்வொரு முடிச்சுக்கும் ஓர் அருள் நிறைந்த மரியே சொல்ல வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். முயன்று பார்த்தேன். செபத்தில் மனம் போனால் முடிச்சு கோணுகிறது, முடிச்சில் மனம் போனால் செபம் வெறும் உதட்டசைவாகிறது. ஆகவே கட்டும்போது கட்டுகிறேன். முடித்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, யாருக்குக் கொடுக்கப்போகிறேனோ அவருக்காக அந்த மாலையிலேயே ஒரு 53 மணி சொல்கிறேன். ஏறக்குறைய இருபது நிமிடம். குறைந்த மணி, கூடின மணி, குத்தும் நுனி, தளர்ந்த முடிச்சு எல்லாம் அந்த இருபது நிமிடத்தில் விரலில் தட்டுப்படும். கூடவே, அந்த மனிதருக்காக நான் மன்றாடியும் இருப்பேன். கைவேலை ஜெபமாலைக்கும் கடையில் கொத்தாகத் தொங்கும் ஜெபமாலைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்த வித்தியாசம் இது ஒன்றுதான். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாலையில் கண்ணீரோடு சொன்ன செபத்துக்கு மதிப்பு குறைவு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இருட்டில் ஒளிரும் பச்சை மணி மாலையைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள். கரண்ட் போன இரவுகளில் அதைப் பிடித்துக்கொண்டு பயமில்லாமல் படுத்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மனம் கனப்பது, விலையுயர்ந்த பளிங்கு மாலைகள் கல்யாணப் பரிசாக வந்து, பெட்டியோடு ஷோகேஸில் கிடப்பதைப் பார்க்கும்போதுதான்.

மந்திரிப்பு, அதாவது சாமியார் செபித்து ஆசீர்வதிப்பது, பற்றியும் சொல்லிவிடுகிறேன்; பலருக்குத் தெரிவதில்லை. மந்திரித்த ஜெபமாலையை விற்கக் கூடாது. விற்றால் அதோடு சேர்ந்த ஞானப் பலன் இல்லாமல் போகும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. அதனால் நான் மந்திரிக்காமல்தான் கொடுப்பேன், நூலுக்கும் மணிக்கும் ஆன காசை மட்டும் வாங்குவேன். வாங்கியவர்கள் தங்கள் பங்குச் சாமியாரிடம் கொடுத்து மந்திரித்துக்கொள்வார்கள். பழுது பார்க்க வருவதில் ஒன்றிரண்டு மணி மாற்றினால் மந்திரிப்பு போய்விடாது, பெரும்பகுதி மாறினால் மறுபடி மந்திரித்துக்கொள் என்று எங்கள் சாமியார் எனக்குச் சொன்னார். இனிமேல் கட்டவே முடியாது என்ற நிலைக்கு வந்ததைக் குப்பையில் போடாதீர்கள். மண்ணில் புதைக்கலாம், அல்லது எரித்துச் சாம்பலைப் புதைக்கலாம். எங்கள் வீட்டு முருங்கை அடியில் அப்படி நிறைய இருக்கிறது.

பாட்டியின் மாலையைப் பிரித்து அந்த ஒரு மணியைச் சேர்த்துத் தருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டேன். கொடுக்கவில்லை. “இந்த இடத்துக்கு வந்தா நின்னு சொல்லணும்னு கைக்குத் தெரியும். மத்த பத்துல தூக்கம் வந்தாலும் இதுல வராது” என்பார். 2014-இல் இறந்தபோது எங்கள் வழக்கப்படி கைகளைக் கோத்து ஜெபமாலையைச் சுற்றி வைத்தோம். புதிதாக ஒன்று கட்டி வைக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். அம்மை சம்மதிக்கவில்லை. அந்த மாலையே கூடப் போனது.

இப்போது கையில் இருக்கும் வேலை, வலை இழுக்கும் விஞ்சில் வலது கையின் மூன்று விரல்களை இழந்த ஓர் உறவுக்காரருக்கு. இடது கையிலும் பெருவிரல் மட்டும்தான் சரியாக மடங்கும். முதலில் 12 மில்லிமீட்டர் மணியில் கட்டிக்கொண்டு போனேன். மாலையைத் தாங்கிப் பிடிக்கவும் மணியை நகர்த்தவும் இரண்டு விரல் வேண்டுமே. நழுவி நழுவி விழுந்தது. அடுத்து ஒற்றைப் பத்து மோதிரம். விரலில் சுற்றிக்கொண்டே போய், எங்கே தொடங்கினோம் என்று தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவதுக்கு புனித குழந்தை தெரேசம்மாளின் வழியைப் பிடித்திருக்கிறேன். சிறுமியாக இருந்தபோது, செய்த நற்செயல்களையும் ஒறுத்தல்களையும் எண்ண அவர் மணிக்கயிறு ஒன்று வைத்திருந்தார். அதில் ஒவ்வொரு மணிக்குள்ளும் நூல் இரண்டு பக்கத்திலிருந்தும் எதிரெதிராக நுழைந்து போகும். அதனால் மணி தானாக வழுக்காது, தள்ளினால் மட்டும் நகரும், தள்ளிய இடத்தில் நிற்கும். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் அளவுக்குப் பத்து மணியும் ஒரு பெரிய மணியும். பெருவிரலால் ஒவ்வொன்றாக உள்ளங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டே வரலாம். ஒரு பத்து முடிந்தால் திரும்ப எதிர்ப்பக்கம். நேற்று ராத்திரி இடது கைப் பெருவிரல் தவிர மற்ற விரல்களைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு 53 சொல்லிப் பார்த்தேன். ஆறாவது மணி கொஞ்சம் இறுக்கம். அதை மாற்றிவிட்டு சனிக்கிழமை கொண்டுபோகிறேன்.